பிறைக்கு ஒரு வெள்ளி

மாடி லாத்தா யாரையும் திட்டி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா நிற்பார். பிறகு அம்மிக்குத் திரும்பிவிடுவார். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "திட்டிட்டா ஆறிப்போயிரும் தம்பி. ஆறிப்போயிட்டா அப்புறம் ஒண்ணும் செய்யத் தோணாது" என்றார். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

அக்காவை எங்கள் ஆட்கள் லாத்தா என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள். பினாங்கில் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீடு ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். கீழே முன்பக்கம் நானும் என் மனைவியும். பின்கட்டில் ஒரு தையல்காரர் குடும்பம். மாடி முழுதும் லாத்தா. அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. வாடகை ரசீதில்கூட 'மாடி வீடு' என்றுதான் இருக்கும். கப்பலில் சமையல் வேலை பார்த்த அவர் கணவர், அந்த வீட்டுக்குக் குடிவந்த மறு வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. ஊருக்குத் திரும்பிவிடும்படி எல்லோரும் புத்தி சொன்னார்களாம். அவர் ஓர் அம்மியை வாங்கி மாடியில் போட்டார்.

சூலியா தெருச் சாப்பாட்டுக்கடைகளில் பாதி, அந்த அம்மியை நம்பித்தான் உலை வைத்தன. மிளகாய் ஒரு வாழையிலையில், மஞ்சள் ஒன்றில், கொத்தமல்லி ஒன்றில் என்று உருண்டை உருண்டையாகக் காலை ஏழு மணிக்குள் கடைகளுக்குப் போய்விடும். மணிக்கட்டு வரை கை மஞ்சளாகவே இருக்கும். அவர் தொட்ட காசு, காகிதம், கதவு எல்லாவற்றிலும் அந்த விரல் தெரியும்.

ஒரு கடைக்காரர், லாத்தாவின் மசாலாவில் கல் கிடப்பதாக நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டார். பொய். விலையைக் குறைக்கச் சொல்ல அது ஒரு வழி. லாத்தா சனி முதல் வியாழன் வரை வழக்கத்தைவிட நைசாக அரைத்து அனுப்பினார். வெள்ளிக்கிழமை அனுப்பவில்லை. ஜும்மா தொழுகை முடிந்து ஊரே சாப்பிட வரும் நாள். அந்த மனிதர் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் படியடியில் வந்து நின்று கத்தினார். மேலிருந்து லாத்தா எட்டிப் பார்த்து, "கல்லு கெடக்குற மசாலா உங்களுக்கு எதுக்கு நானா?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து மறுபடியும் மசாலா போயிற்று, பழைய விலைக்கே. ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு மேல் இல்லை, கீழும் இல்லை.

நல்லதற்கும் அதே அளவுதான். மழைக்காலத்தில் ஒரு சீன ரிக்‌ஷாக்காரர் எட்டு நாள் காசு வாங்காமல் மசாலாக் கூடையை ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு வருஷம் கழித்து அவர் காய்ச்சலில் படுத்தார். லாத்தா எட்டு நாள் கஞ்சி காய்ச்சி, தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒன்பதாம் நாளும் கொடுக்கலாமே என்று என் மனைவி சொன்னாள். "அவரு எட்டு நாள்தானே புள்ளே ஏத்திட்டுப் போனாரு" என்றார் லாத்தா. அந்தப் பதிலில் எனக்கு அவர்மேல் பாசம் வந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால் வந்தது.

இனி அந்த ஏஜண்டு. சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. செத்துப்போனவரைப் பற்றி இப்படிப் பேசக்கூடாதுதான், இருந்தாலும் ஆகாது. வீட்டின் சொந்தக்காரர் கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் தென்னந்தோப்பு வைத்திருந்த வயதான முதலாளி. படகேறி டவுனுக்கு வருவது வருஷத்துக்கு ஒருமுறை இருந்தால் அதிகம். வீடுகளை வாடகைக்கு விடுவது, வாடகை வசூலிப்பது, பழுது பார்ப்பது எல்லாம் இந்த ஏஜண்டின் பொறுப்பு. முதல் இரண்டையும் செய்தார். வெள்ளைவெளேர் என்று சட்டை, சுருட்டிய குடை, விரலில் உருளும் தஸ்பீஹ் மணி, இவற்றோடு ஒரு மென்மையான குரல். அந்தக் குரலைக் கேட்டால் எனக்குப் பல் கூசும்.

மாடிக் கூரை ஒழுகியபோது லாத்தா அவரிடம் மூன்று மாதம் சொல்லிப் பார்த்தார். "மழை அல்லாஹ் தர்றது லாத்தா, நம்ம கையிலயா இருக்கு?" என்று மென்மையாகவே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை அவர் வாடகைக்கு வந்தபோது நல்ல மழை. லாத்தா முக்காலியை எடுத்து, ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே போட்டு, "உட்காருங்க நானா, எண்ணித் தர்றேன்" என்றார். எங்கள் ஊர் டாலருக்கு வெள்ளி என்று பெயர்; மாத வாடகை பன்னிரண்டு வெள்ளியையும் சில்லறையாகவே எண்ணினார். ஏஜண்டு எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நனைந்தார். அந்த வாரமே ஓடு மாற்ற ஆள் வந்தது.

வாடகை நாள் என்றால் எங்கள் வீட்டில் முதல் பிறை தெரியும் நாள். மற்ற வீட்டுக்காரர்கள் வெள்ளைக்காரன் மாதத்துக்கு வாங்குவார்கள். எங்கள் ஏஜண்டு மட்டும் பிறைக்குப் பிறை. "நம்ம மாசத்துல குடுக்குற காசுலதான் பரக்கத்து இருக்கு" என்பார். இறைவன் தரும் வளத்தை அப்படிச் சொல்வது. எங்களுக்கும் அதில் ஒரு பெருமை. பக்கத்து வீட்டுச் சீனரிடம் நானே பீற்றிக்கொண்டிருக்கிறேன். இருபத்தொன்பதாம் நாள் பொழுது சாயும்போதே குடையோடு படியடியில் நிற்பார். வானம் முழுக்க மேகமாக இருந்தாலும், "கெடாவுல பார்த்துட்டாங்களாம்" என்பார். ஒருநாள் முன்னதாகக் கை நீட்டுவதற்காகப் பக்கத்துச் சீமையான கெடாவில் யாரோ எப்போதும் பிறை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பணத்தை வாங்கியதும் ரசீது எழுதுவார். அரபு எழுத்தில் எழுதிய தமிழ். எங்கள் பெண்கள் பலருக்கும் அந்த எழுத்துத்தான் தெரியும். ரஜப் மாத வாடகை, ஷஃபான் மாத வாடகை என்று தேதி இருக்காது, பிறை மாதத்தின் பெயர் மட்டும் இருக்கும். லாத்தா அதை வாங்கி ஒரு கம்பியில் குத்தி வைப்பார்.

அந்த வருஷம் நோன்பு, மழையில்லாத வெக்கையில் வந்தது. ஒருநாள் நோன்பு திறக்க லாத்தா எங்களை மாடிக்குக் கூப்பிட்டிருந்தார். என் மனைவி மாசமாக இருந்தாள். கஞ்சியைக் குடித்துவிட்டு, டுரியான் சாப்பிட வேண்டும்போல இருக்கிறது என்றாள்.

"டுரியானுக்கு இன்னும் மூணு நாலு மாசம் கெடக்கு புள்ளே. நான் இந்த வூட்டுக்கு வந்த வருஷம் நோன்பு தொறக்கவே டுரியான்தான். எங்க வூட்டுக்காரர் ஒரே ஆளா ஒரு பழத்தைத் தின்னுட்டு, சூடு ஏறி..." என்று சிரித்துக்கொண்டே சொல்லிவந்தவர் பாதியில் நின்றுவிட்டார். இடுப்பில் கை போயிற்று.

"அந்த வருஷம் நோன்புல டுரியான் இருந்துச்சு" என்றார். "இப்ப காய்கூட வரல. மரம் நகரல தம்பி. நோன்புதான் நகர்ந்திருக்கு."

"அது நகரத்தானே செய்யும் லாத்தா? வருஷத்துக்குப் பதினொரு நாள் முன்னால வரும்."

"நோன்பு நகர்ந்தா, வாடகையும் நகர்ந்திருக்கும்ல?"

நான் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் கிராணி. குமாஸ்தாவை இங்கே அப்படித்தான் சொல்வது. நாள் முழுதும் கணக்கெழுதுகிறவன். ஐந்து வருஷமாகப் பிறைக்குப் பிறை வாடகை கொடுத்திருக்கிறேன். எனக்கு உறைக்காதது அவருக்கு ஒரு பழத்தால் உறைத்தது. பிறை மாதம் குட்டை. பன்னிரண்டு பிறை போனாலும் வெள்ளைக்காரன் வருஷத்தில் பதினொரு நாள் மிச்சமிருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு மாத வாடகை கூடுதலாகப் போய்விடும். லாத்தா கம்பியோடு ரசீதுகளைக் கொண்டுவந்தார். அவர் குடிவந்து சரியாகப் பதினொரு வருஷம். வெள்ளைக்காரன் கணக்கில் நூற்று முப்பத்திரண்டு மாதம். கம்பியில் இருந்தவை நூற்று முப்பத்தாறு ரசீது. நாலு மாத வாடகை, நாற்பத்தெட்டு வெள்ளி. என் கணக்கையும் போட்டேன். ஏறக்குறைய இரண்டு மாதம் வந்தது.

பெருநாள் பிறையன்று ஏஜண்டு வந்தார். லாத்தா பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "நானா, எங்ககிட்ட பிறைக் கணக்குல வாங்குறீங்க. முதலாளிக்கு எந்தக் கணக்குல குடுக்குறீங்க?"

குடை ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போயிற்று. "அது எங்களுக்குள்ள உள்ள விஷயம் லாத்தா. உங்களுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு?"

"நாலு மாசம் கூட வாங்கியிருக்கீங்க."

"பிறைதானே நம்ம மாசம்? மார்க்கத்தையே கணக்குக் கேக்குறீங்களா லாத்தா?"

"மார்க்கத்தைக் கேக்கல நானா. உங்களைக் கேக்குறேன்."

அன்று வாடகையை வாங்காமலே இறங்கிப் போனார். பிறையன்று அவர் வெறுங்கையோடு போனதை அன்றுதான் பார்த்தோம். லாத்தா என்னிடம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை பத்து காவானுக்குப் போறேன். நீங்களும் வாங்க தம்பி. ரசீதை நான் காட்டுறேன், கணக்கை நீங்க சொல்லுங்க. நீங்க கிராணி, நீங்க சொன்னா முதலாளி கேப்பாரு. காலையில படகுத்துறையில நிக்கிறேன்."

"உசிரே போனாலும் வர்றேன் லாத்தா" என்றேன். அப்படியேதான் சொன்னேன், ஒரு சொல் மாற்றவில்லை.

சனிக்கிழமை ஏஜண்டு என் ஆபீசுக்கே வந்துவிட்டார். இருபத்துநாலு வெள்ளியை ஓர் உறையில் வைத்து என் மேசைமேல் தள்ளினார். "உங்களுக்கு வர வேண்டியது ரெண்டு மாசம்தானே தம்பி? சரியா இருக்கா பாருங்க" என்றார். கூடவே ஒரு காகிதம். எங்கள் விருப்பத்தின் பேரில்தான் பிறைக் கணக்கில் வாடகை கொடுத்துவந்தோம் என்று எழுதியிருந்தது. தையல்காரரின் கைரேகை ஏற்கெனவே இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். மனைவிக்கு ஒன்பதாம் மாதம், செலவு இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். உறையைச் சட்டைப்பையில் வைத்தபோது எனக்கு ஆனந்தமாக இருந்தது. அதுதான் உண்மை.

ஞாயிறு காலை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன். மேலிருந்து கீழே வர இருபத்திரண்டு படி. லாத்தா இறங்குவதைப் படிப்படியாகக் கேட்டேன். எங்கள் கதவைத் தட்டவில்லை. துறையில் நிற்பதாகத்தானே சொல்லியிருந்தார். மூன்று படகுகளைப் போகவிட்டுவிட்டு நாலாவதில் தனியாக ஏறினார் என்று பிறகு படகுக்காரர் ஒருவர் சொன்னார். மூன்று படகும் எனக்காகப் போகவிட்டவை.

புதன்கிழமை முதலாளியோடு வந்து இறங்கினார். கூன் விழுந்த, காது மந்தமான கிழவர். ஏஜண்டையும் எங்களையும் நடுமுற்றத்துக்குக் கூப்பிட்டார். லாத்தா கம்பியிலிருந்து ரசீதுகளை உருவி, தரையில் வரிசையாகப் பரப்பினார். வரிசைக்குப் பன்னிரண்டு. பதினொரு வரிசை முடிந்த பிறகு நாலு காகிதம் கையில் மிஞ்சியது. அந்த நாலையும் முதலாளியின் காலடியில் வைத்தார்.

"எனக்கு வருஷத்துக்குப் பன்னெண்டுதானே வந்துச்சு?" என்றார் முதலாளி, ஏஜண்டைப் பார்த்து.

ஏஜண்டு மென்மையாகச் சிரித்துக்கொண்டே உள்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். "இவங்களே கேட்டுக்கிட்டதுதான் முதலாளி. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க."

முதலாளி அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இது உன் கையெழுத்தா?"

"ஆமா" என்றேன். லாத்தா என்னைப் பார்க்கவில்லை. காற்றில் பறக்கப் பார்த்த அந்த நாலு ரசீதுகளையும் விரலால் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தார்.

"அவங்க விருப்பப்பட்டுக் குடுத்தாங்க, சரி. விருப்பப்பட்டுக் குடுத்த காசு என்கிட்ட ஏன் வரல?" என்று கிழவர் கேட்டார். காதுதான் மந்தம், மற்றதெல்லாம் சரியாக இருந்தது. ஏஜண்டின் குரலில் அன்றுதான் மென்மை காணாமல் போயிற்று. முதலாளி குதித்தார். போலீஸ் என்றார், கோர்ட்டு என்றார், இன்றோடு வேலை போயிற்று என்றார். மடியை அவிழ்த்து நாற்பத்தெட்டு வெள்ளியைத் தானே லாத்தாவிடம் எண்ணிக் கொடுக்கவும் வந்தார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. இத்தனைக்கும் நான் நின்ற பக்கம் வேறு.

"உங்க கையால வேணாம் முதலாளி" என்றார் லாத்தா. "அவர் வேலையும் போக வேணாம். வாங்குன கையாலயே திருப்பிக் குடுக்கட்டும். பிறைக்கு ஒரு வெள்ளி. நாப்பத்தெட்டுப் பிறை."

"எதுக்கும்மா அப்படி? நாலு வருஷம் ஆயிருமே?"

"பதினோரு வருஷம் நான் குடுத்தேனே."

ஒரு பிறை தவறினாலும் கோர்ட்டுதான் என்று முதலாளி உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வாடகை வெள்ளைக்காரன் மாதத்துக்கு மாறியது. ஏஜண்டு முதல் தேதி வாடகை வாங்க வருவார். பிறையன்று ஒரு வெள்ளியை வெள்ளைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு கடன் தீர்க்க வருவார். அந்தப் பிறை நாட்களைப் போல எனக்குச் சந்தோஷமான நாட்கள் குறைவு. வேலை முடிந்து ஓட்டமாக வீட்டுக்கு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். இருபத்திரண்டு படியையும் அவர் ஏறும் சத்தம் கேட்க வேண்டும். மேலே போனதும் லாத்தா பின்பக்க ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்பார்.

"பிறை தெரியலையே நானா. நாளைக்கு வாங்க."

"கெடாவுல பார்த்துட்டாங்களாம் லாத்தா..."

"எனக்குத் தெரியல."

மறுநாள் வருவார். வெள்ளியை வாங்கிக்கொண்டு, லாத்தா மை தொட்டு, நிதானமாக, அரபு எழுத்தில் ரசீது எழுதுவார். அடியில் 'நாற்பத்தெட்டில் ஒன்று', 'நாற்பத்தெட்டில் இரண்டு' என்று எண் போடுவார். மை காயும்வரை ஏஜண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்தாம் பிறையன்றே மீதிப் பணம் முழுவதையும் கொண்டுவந்து நீட்டினார். "மொத்தமா வாங்கிட்டு என்னை விட்டுருங்க லாத்தா" என்றார்.

"நீங்க மொத்தமாவா வாங்குனீங்க?" என்றார் லாத்தா. ஒரு வெள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டார். கீழே நாற்காலியில் இருந்த நான் தொடையில் தட்டிக்கொண்டேன்.

என் விஷயம் வேறு. என் மகள் பிறந்தபோது லாத்தா நாற்பது நாளும் பத்திய மருந்து அரைத்து மனைவிக்குக் கொடுத்தார். குழந்தை அவர் இடுப்பில்தான் வளர்ந்தது. என்னோடு மட்டும் ஒரு பேச்சுக் கிடையாது. படியில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார். முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு கோபமாக இருந்தது. வருஷம் போகப் போகப் பயம் பிடித்துக்கொண்டது. கடைக்காரருக்கு ஒரு வெள்ளிக்கிழமை; ஏஜண்டுக்கு நாற்பத்தெட்டுப் பிறை. எனக்கு என்ன, எப்போது? மசாலா அரைபடும் சத்தம் தலைக்குமேல் கேட்கும்போதெல்லாம் அதையே யோசிப்பேன். ஒருமுறை திட்டித் தொலைத்திருந்தால் ஆறிப்போயிருக்கும்.

நாற்பத்தேழாம் பிறைக்கு ஏஜண்டு பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, மூச்சு வாங்கியது. எப்படியோ ஏறி, இரண்டு வெள்ளியை எடுத்து வைத்தார். "அடுத்ததையும் இப்பவே வாங்கிக்குங்க. அடுத்த பிறைக்கு நான் இருப்பேனோ இல்லையோ."

"இன்னும் பிறை வரலையே நானா" என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று நான் தொடையில் தட்டவில்லை.

பதினொரு நாள் கழித்து ஏஜண்டு இறந்துபோனார். செய்தி வந்த சிறிது நேரத்தில் மேலிருந்து குரல் கேட்டது. "தம்பி."

நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல். நான் படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன் என்றால் பாருங்கள். லாத்தா அம்மியருகில் கைகழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். "ஏஜண்டோட மையத்தைப் பள்ளிவாசல்ல வச்சுட்டு, கடன் வர வேண்டியவங்க யாரும் இருக்காங்களான்னு மகன் கேப்பாரு. நான் பள்ளிக்கு வர முடியாது. நீங்க எந்திரிச்சு, மாடி வீட்டு லாத்தாவுக்கு ஒரு வெள்ளி பாக்கின்னு எல்லாரும் கேக்கச் சொல்லணும்."

"ஒரு வெள்ளிக்காகவா லாத்தா? மையத்து முன்னாலயா?"

"அன்னைக்குத் துறைக்கு வர்றதாச் சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்போது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்ல வேண்டும். எனக்கு விதித்தது இதுதான் என்று புரிந்தது. ஒரு வாய்ச்சொல்லோடு போகிறதே என்று நிம்மதியாகக்கூட இருந்தது. தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

பள்ளிவாசலில் நல்ல கூட்டம். தொழுகை முடிந்ததும் ஏஜண்டின் மகன் எழுந்து நின்றான். இருபது வயது இருக்கும். தகப்பன் சட்டையைப் போலவே வெள்ளைச் சட்டை. "எங்க வாப்பா யாருக்காச்சும் கடன் வச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க, நான் குடுத்துர்றேன். இல்லாட்டி அல்லாஹ்வுக்காக மன்னிச்சுப் பொருந்திக்குங்க" என்றான்.

நான் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். முழங்காலில் கை ஊன்றியும் விட்டேன். பக்கத்தில் என் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு வெள்ளிக்காகப் பிணத்தை மறித்தவன் என்று ஊர் பேசும். "பொருந்திக்கிட்டோம், பொருந்திக்கிட்டோம்" என்று நாலா பக்கமும் சொன்னார்கள். அந்தச் சத்தத்தோடு சத்தமாக என் வாயும் அதையே சொல்லிற்று. சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்து, என் கையிலிருந்த ஒரு வெள்ளியோடு மாடிக்குப் போனேன்.

"சொன்னீங்களா தம்பி?"

"சொன்னேன் லாத்தா."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. மகன் உடனே எடுத்துக் குடுத்துட்டாரு."

லாத்தா சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தார். இடுப்பில் கை போகவில்லை. வெள்ளியை வாங்கிப் பலகைமேல் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு வெள்ளைத் தாள் மடிப்பு இருந்தது. கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. மை தொட்டு நிதானமாக ரசீது எழுதினார். மை காயும்வரை நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதன் மேல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கீழே வந்து விளக்கடியில் ரசீதைப் பிரித்தேன். 'பெற்றுக்கொண்டது ஒரு வெள்ளி' என்று இருந்தது. கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏஜண்டின் பெயர் இல்லை, அவர் மகன் பெயரும் இல்லை. என் பெயர் இருந்தது.

மனைவிதான் சொன்னாள். நான் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, கப்ருக் குழியிலிருந்து நேராக, மண் காயாத காலோடு அந்த மகன் மாடிக்கு வந்திருக்கிறான். அடுத்த பிறைக்கென்று தகப்பன் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த வெள்ளியைக் கொடுத்திருக்கிறான். பள்ளியில் யாரும் கடன் கேட்கவில்லை, இது வாப்பாவின் பையில் இருந்தது, இதற்காகத்தான் நான் வந்தேன் என்று அழுதிருக்கிறான். "மகன் கையும் அவரு கைதான்" என்று லாத்தா அதை வாங்கி, 'நாற்பத்தெட்டில் நாற்பத்தெட்டு' என்று ரசீது எழுதிக் கொடுத்து, கடனெல்லாம் தீர்ந்தது, பொருந்திக்கொண்டேன் என்று அவன் தலையைத் தடவி அனுப்பினாராம். ஏஜண்டு கடனில்லாமல்தான் போனார். அதற்குப் பிறகுதான் நான் மேலே போய், ஒரு வெள்ளியை வைத்து, பொய்மேல் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அத்தனையையும் லாத்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ரசீதை மறுபடி விளக்கில் பிடித்தேன். அடியில், மஞ்சள் விரல் பட்ட இடத்தில், எண் இருந்தது. 'நாற்பத்தெட்டில் ஒன்று.'

வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாமா என்று இரண்டு வாரத்துக்கு மேல் யோசித்தேன். மாதச் சம்பளக்காரன், கோர்ட்டுக்குப் பயந்தவன் இல்லை, என்னை யார் என்ன செய்ய முடியும் என்று எனக்குள்ளேயே சத்தம் போட்டேன். இருபத்தொன்பதாம் நாள் பொழுது சாய்ந்ததும் ஒரு வெள்ளியை வெள்ளைத் தாளில் மடித்துக்கொண்டு இருபத்திரண்டு படியையும் ஏறினேன்.

லாத்தா பின்பக்க ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தார். துளி மேகம் இல்லை. தென்னை உச்சிக்குப் பக்கத்தில், மெல்லியதாக, அது எனக்கே தெரிந்தது.

"பிறை தெரியலையே தம்பி" என்றார். "நாளைக்கு வாங்க."